வண்டியின் எடையைப் புறக்கணிக்கவும்

சட்டம் வந்த பிறகு சாலையில் சாவு அநேகமாக நின்றுபோனது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் பழியைத் தூக்கிச் சட்டத்தின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

அதற்கு முன்பெல்லாம் வேகத்துக்குத்தான் வரம்பு இருந்தது. பலகை வைத்தார்கள், கேமரா வைத்தார்கள், அபராதம் போட்டார்கள். நம் ஆட்கள் கேமராவுக்குப் பக்கத்தில் மட்டும் பிரேக்கை மிதித்துவிட்டு அப்புறம் பறந்தார்கள். கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி, வேகத்தை விட்டுத்தள்ளுங்கள், அடிக்கு வரம்பு வையுங்கள் என்றார். ஒரு வண்டி எவ்வளவு பலமாக மோதும் என்பது அதன் எடையையும் வேகத்தையும் பொறுத்த விஷயம். ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். வண்டியையும் அதில் ஏறியிருக்கும் பாரத்தையும் அது ஓயாமல் நிறுத்துப் பார்க்கும். பாரம் கூடினால் அந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்துவிடும். என்ன மிதித்தாலும் அதற்கு மேல் வண்டி போகாது. அரசாங்கம் அதற்கு ஆற்றல் காவலன் என்று பெயர் வைத்தது. ஓட்டுநர்கள் மாமியார் என்று வைத்தார்கள். நிலைத்தது எந்தப் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாமியார் வந்து ஆறு வருடத்தில் மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. கூடவே இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் செய்தியாகப் போடவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் கிலோவாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஷேர் ஆட்டோக்காரர் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார். பஸ் கண்டக்டர் கூட்டத்தில் ஒல்லியானவர்களாகப் பொறுக்கி முதலில் ஏறச் சொன்னார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று பெரியப்பாவை வாசலிலேயே விட்டுவிட்டுப் போன கல்யாண வேன்களும் உண்டு.

ஜெசிந்தா அந்தச் சட்டத்தைக் குறை சொல்லக் கூடியவள் அல்ல. அவள் கணவர் சேவியர், சட்டம் வருவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது உப்பு லாரி மோதிச் செத்துப்போனவர். பதினாறு டன் லாரி, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம். அறிவியல் ஆசிரியை அல்லவா, ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்பதரை லட்சம் ஜூல் என்று வந்தது. விடை வந்ததும் அழுகையும் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அன்றிலிருந்து எதுவுமே அதிகமாக வருவதில்லை. சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும், பாடம் நடக்கும். மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வது போல, ஏதோ நடக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. கடலோரத்து உப்பளக் கிராமங்களிலிருந்து அந்த வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரையும் பள்ளிக்கு ஏற்றிவரும் வேனில்தான் அவளும் போய்வந்தாள். ஓட்டுநர் சுடலைமுத்துவுக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. கண்ணுக்கு நேரே மாமியாரின் சிறிய திரை. அதில் இரண்டே எண்கள். மேலே மொத்த எடை, கீழே போகக்கூடிய அதிகபட்ச வேகம். வெள்ளப்பட்டில் ஒரு பிள்ளை ஏறும். முந்நூறு மீட்டர் தள்ளிப் பாலத்தடியில் நாலு பேர் ஏறுவார்கள். அத்துடன் முப்பது பேரும் சேர்ந்துவிடுவார்கள். திரையில் ஐயாயிரத்து ஐநூறு கிலோ, நாற்பது கிலோமீட்டர் என்று வரும். அங்கிருந்து பள்ளிக்கூடம் பதினெட்டு கிலோமீட்டர். நடுவில் நிறுத்தமே கிடையாது.

சிக்கல் பள்ளியின் வாசலில் இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் ஒரு வினாடி ஆனாலும் அந்தக் கதவு முகத்தைப் பார்த்துத் தாமதம் என்று எழுதிக்கொள்ளும். மூன்று தாமதம் அரை நாள் விடுப்பு. இந்த வருடம் புதிதாக நாலு பிள்ளைகள் சேர்ந்ததால் வேன் தினமும் அரை நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தது. சுடலைமுத்து சீக்கிரம் கிளப்பவும் வழியில்லை. அதற்கு முந்தைய நடையில் அவர் ஐஸ் ஆலைப் பெண்களை இறக்கிவிட்டு வர வேண்டும்.

ஜூலை மாதம் ஜெசிந்தா இயக்க ஆற்றல் பாடத்தை எடுத்தாள். பதினாலாவது முறையாக எடுக்கிற பாடம். நிறை இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினாள். முதல் வரிசை மகிழன் எழுந்து நின்றான். எதையும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

"டீச்சர், அப்ப நம்ம வேன்ல ஒரு ஆளு கொறஞ்சா மாமியா எவ்வளவு வேகம் விடுவா?"

வகுப்பு சிரித்தது. நல்ல கேள்வி என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. பாடத்தை வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்று பயிற்சி முகாமில் வருடா வருடம் சொல்கிறார்களே, அதைச் செய்தால் என்ன என்று நினைத்தாள். உடனே வீட்டுப்பாடம் கொடுத்தாள். வேனில் முப்பது மாணவர்கள், மொத்தம் ஆயிரத்து ஐநூறு கிலோ. வேகம் நாற்பது. நீங்கள் ஒருவர் மட்டும் ஏறாவிட்டால், அதே ஆற்றல் வரம்புக்குள் வேன் எத்தனை வினாடி முன்னதாகப் பள்ளிக்கு வந்து சேரும்? அவரவர் எடையைப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரும்பு வேன் எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியாது. அதைச் சேர்த்தால் விடை பொடிப்பொடியாக வந்து பிள்ளைகளுக்குச் சலித்துவிடும் என்றும் தோன்றியது. ஆகவே வழக்கம்போலக் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'வண்டியின் எடையைப் புறக்கணிக்கவும்.' உராய்வைப் புறக்கணிக்கவும், காற்றின் தடையைப் புறக்கணிக்கவும் என்று கேள்வித்தாளில் ஆயிரம் முறை எழுதிய கை அது.

மறுநாள் நோட்டுகளை உணவு இடைவேளையில் திருத்தினாள். பேனா தானாக ஓடியது. இருபத்தொன்பது சரி, ஒன்று தவறு. தவறான நோட்டில் குறுக்கே கோடிழுத்து, வினாவைக் கவனமாகப் படிக்கவும் என்று எழுதி மூடினாள். அது யாருடைய நோட்டு என்று பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து வேன் வெள்ளப்பட்டில் நிற்கவில்லை. அங்கே ஏறுகிற பிள்ளை பூங்கனி. ஜெசிந்தாவின் வகுப்புதான். எண்பத்து நாலு கிலோ. வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். வேனில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, திரையில் மாறுகிற எண்களைக் கதைப் புத்தகம் படிப்பது போலப் பார்த்துக்கொண்டு வருவாள். முதல் நாள் நிறுத்தத்தில் பையோடு நின்றாள். வேன் வேகம் குறையாமல் கடந்துபோனது. அவள் கையைக் காட்டவும் இல்லை. ஜெசிந்தா சுடலைமுத்துவிடம் கேட்டாள். இனிமேல் மெயின் ரோட்டுக்குப் போய் பஸ்ஸில் வந்துகொள்வதாக அந்தப் பிள்ளை சொல்லிவிட்டதாம், பிள்ளைகள்தான் சொன்னார்கள் என்றார் அவர். சரி என்று ஜெசிந்தா முன்னால் திரும்பிக்கொண்டாள். மெயின் ரோடு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அது எங்கும் போய் உறைக்கவில்லை.

அன்று வேன் ஒன்பது மணிக்கு இருபத்திரண்டு வினாடி இருக்கையில் உள்ளே போனது. பின்னால் பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலையில் பூங்கனியின் அப்பா பலவேசம் ஆசிரியர் அறைக்கு வந்தார். உப்பளத்தில் உப்பை இழுத்துக் குவிக்கும் வாருகோல் பிடிக்கிறவர். கணுக்கால் வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கையில் துணிப்பை. டி.சி. வாங்க வந்திருப்பதாகவும், வகுப்பாசிரியை கையெழுத்துப் போட்டால்தான் ஆபீஸில் கொடுப்பார்கள் என்று சொன்னதாகவும் சொன்னார்.

பத்து நாளாகப் பூங்கனி வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஜெசிந்தாவே போட்ட குறிகள்தான். ஏன் என்று இப்போதுதான் கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார், ஏற்ற இறக்கம் இல்லாமல், யார் வீட்டுக் கதையோ போல. ஜூலையிலிருந்து மகள் காலை ஆறரைக்கே நடக்கத் தொடங்கிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுக்கொள்வதாக வீட்டில் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் வீட்டில் சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். போன வாரம் திங்கட்கிழமை உப்பளத்துப் பாதையில் விழுந்து கிடந்தாள். வேலைக்கு வந்த பெண்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நாலு நாள்.

"எடயக் கொறச்சிட்டா மறுபடியும் வேன்ல ஏத்திக்கிடுவாங்கன்னு அவ அம்மைட்ட சொல்லிருக்கா டீச்சரம்மா," என்றார் பலவேசம். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. படிப்பு வேண்டாம். புள்ள இருந்தா போதும்."

பள்ளிக்கூடத்துப் பொருள் எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம் என்று துணிப்பையை மேசை மேல் வைத்தார். புத்தகம், நோட்டு எல்லாம் இருந்தன. ஜெசிந்தா படிவத்தை வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னாள். போட்டுவிட்டால் பூங்கனியின் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. அந்தப் பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

மறுநாள் முதல் பாடவேளையில் வகுப்பைக் கேட்டாள். பூங்கனியை வேனில் ஏற வேண்டாம் என்று சொன்னது யார்? முப்பது முகங்களில் ஒரு இடம் காலியாக இருந்தது. மற்றவை டெஸ்க்கைப் பார்த்தன. கடைசியில் மகிழன்தான் எழுந்தான்.

"யாரும் வேண்டாம்னு சொல்லல டீச்சர். கணக்கத்தான் சொன்னோம். அவ எடயப் போட்டுப் பாத்தா நாப்பத்தாறு வினாடி வருது. மத்த எல்லாருக்கும் இருபத்தஞ்சு, இருபத்தெட்டுதான். நமக்கு வேண்டியது முப்பது."

"அவ என்ன சொன்னா?"

"கணக்கு தப்பு, பன்னெண்டு வினாடிதான்னா. நோட்ட வாங்கிப் பாத்தோம். நீங்க தப்பு போட்டிருந்தீங்க டீச்சர்."

ஜெசிந்தா சாக்கட்டியைக் கீழே வைத்தாள். வகுப்பை விட்டு இறங்கி, மைதானத்து ஓரத்தில் நிற்கும் வேனுக்குப் போனாள். எட்டு வருடமாக ஏறி இறங்குகிற வண்டி. கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தது, காலி எடை 3870 கிலோ. எல்லா வேனிலும் எழுதியிருக்கும். சட்டப்படி எழுதித்தான் ஆக வேண்டும். அவள் அதைப் படித்ததே இல்லை.

திரும்பி வந்து பலகையில் கணக்கை மறுபடி போட்டாள். இந்த முறை வண்டியைச் சேர்த்தாள். ஓட்டுநரைச் சேர்த்தாள். தன்னையும் சேர்த்தாள். மொத்தம் ஐயாயிரத்து ஐநூறு. அதில் எண்பத்து நாலு போனால் வேகம் நாற்பதிலிருந்து நாற்பது புள்ளி மூன்று. பதினெட்டு கிலோமீட்டருக்கு மிச்சமாவது பன்னிரண்டு வினாடி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது உதவாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

"என் எடை எழுபத்தொண்ணு," என்றாள் பலகையைப் பார்த்தபடியே. "நான் எறங்கியிருந்தா பத்தரை வினாடி. என்னை யாரும் எறங்கச் சொல்லல. எனக்கும் தோணல."

கடைசி வரிசையில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். பன்னிரண்டு வினாடி என்று யாரோ மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். இந்த உண்மையைப் பதினாலு வயதுப் பிள்ளைகள் தலையில் இறக்கத்தான் வேண்டுமா என்று ஒரு ராத்திரியாவது பொறுத்து யோசித்திருக்க வேண்டியவள் அவள். யோசிக்கவில்லை. நோட்டுத் திருத்தும் அதே குரலில் சொல்லி முடித்துவிட்டாள். அதை நினைத்துத்தான் அவளுக்கு முதலில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மகிழன் மட்டும் உட்காரவில்லை. அவன் முகம் வெளிறியிருந்தது. ஆனால் கேள்வி இருந்தது.

"பன்னெண்டுன்னா பத்தாதே டீச்சர். நாம முப்பது வினாடில்லா லேட்டு. ஆனா அவ ஏறாதது முதல் நாம நேரத்துக்கு வந்துட்டமே. அது எப்படி?"

அவளுக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

மாலையில் எல்லோரும் போன பிறகு டி.சி. படிவத்தை மேசையில் விரித்தாள். பேனாவை எடுத்தவள், பலவேசம் விட்டுப்போன பையைப் பார்த்தாள். அறிவியல் நோட்டு மேலாக இருந்தது. பிரித்தாள். உருண்டையான, நிதானமான கையெழுத்து. 'வேனின் பக்கவாட்டில் எடை எழுதியிருக்கிறது. மாமியார் திரையிலும் மொத்தம் வருகிறது. அதனால் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.' கீழே விடை, பன்னிரண்டு வினாடி. அதன் மேல் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. வினாவைக் கவனமாகப் படிக்கவும். கையெழுத்து அவளுடையதுதான்.

பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்தது. பின்பக்கம் பார்க்கச் சொல்கிற குறி. ஜூலை மாதம் அவள் பார்க்கவில்லை. தவறான விடைக்குப் பின்பக்கம் எதற்கு? இப்போது திருப்பினாள்.

'டீச்சர், நான் ஏறாவிட்டால் 12 வினாடிதான். ஆனால் வேன் வெள்ளப்பட்டில் நின்று கிளம்பாவிட்டால் 40 வினாடி மிச்சம். முன்பே பத்து நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான் பாலத்துக்கு நடந்து வந்து அங்கே நிற்கிறவர்களோடு ஏறிக்கொள்கிறேன். நாலு நிமிட நடைதான். அப்போது நானும் வரலாம், லேட்டும் ஆகாது. எல்லாரிடமும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள்.'

ஜெசிந்தா அதை மூன்று முறை படித்தாள். மகிழனுடைய கேள்விக்கு விடை அதில் இருந்தது. எல்லாக் கேள்விக்கும் விடை அதில்தான் இருந்தது, மூன்று மாதத்துக்கும் மேலாக. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளப்பட்டுக்குக் கிளம்பினாள்.

பூங்கனி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். ஜெசிந்தா வேண்டாம் என்று கையமர்த்தினாள். பலவேசம் கதவில் சாய்ந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தாள். நோட்டை மட்டும் நீட்டினாள்.

பூங்கனி அதை வாங்கித் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கணக்கு சரியா டீச்சர்?"

"சரி. ரெண்டு பக்கமும் சரி."

"அப்ப மார்க்க மாத்திருங்க."

அவள் கேட்டது அது ஒன்றுதான். ஜெசிந்தா சிவப்புப் பேனாவை எடுத்தாள். கோட்டை அழிக்க முடியாது. அதன் பக்கத்தில் சரி போட்டு, முழு மதிப்பெண் போட்டு, தேதியோடு கையெழுத்தும் போட்டாள். பிறகு பலவேசத்திடம், திங்கட்கிழமை முதல் பூங்கனி பாலத்தில் ஏறிக்கொள்ளலாம் என்றும், வேனில் எல்லோருக்கும் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். டி.சி. படிவம் தன்னிடமே இருக்கும், வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அவர் மகளைப் பார்த்தார். மகள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சுடலைமுத்து வெள்ளப்பட்டை நிற்காமல் கடந்தார். அந்த வீட்டு வாசலில் நாற்காலி காலியாக இருந்தது. ஜெசிந்தா பின்னால் திரும்பி எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னாள். பாலத்தடியில் வண்டி நின்றது. வழக்கமான நாலு பேரும் ஏறினார்கள். திரையில் எண் ஏறி ஏறி ஐயாயிரத்து நானூற்றுப் பதினாறில் நின்றது. வேகம் நாற்பது. அவ்வளவுதான் என்று சுடலைமுத்து கியரில் கை வைத்தார். மகிழன் எழுந்து, "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க," என்றான்.

பாலத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி பூங்கனி வந்தாள். நாலு நிமிட நடைக்கு அவளுக்கு எவ்வளவு நேரமானதோ தெரியவில்லை. ஏறும்போது ஒரு கணம் படியில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு வழக்கம்போல ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். ஜெசிந்தாவும் பார்த்தாள்.

வேகம் மாறவில்லை. திரையில் புள்ளிக்குப் பிந்திய எண்ணெல்லாம் வராது. அவள் ஏறுமுன்னும் நாற்பதுதான், ஏறிய பின்னும் நாற்பதுதான்.

மேலே இருந்த எண் மாறியது. ஐயாயிரத்து நானூற்று எண்பத்தைந்து. ஆசிரியை மனம் தானாகக் கழித்துப் பார்த்தது. அறுபத்தொன்பது வந்தது. தப்பாகக் கழித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை கழித்தாள். அதே அறுபத்தொன்பது. பதினைந்து கிலோவைக் காணவில்லை.

வேன் கிளம்பியது. சேவியர் போய் எட்டு வருடத்துக்குப் பிறகு ஜெசிந்தாவுக்கு நெஞ்சில் எங்கோ வலித்தது. எங்கே என்று இந்த முறை தெரிந்தது.